கல்படிகள் மட்டும்

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். முழங்காலும் என் பேச்சைக் கேட்கும் நாட்கள் உண்டு. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? உன் தோள்வலி குறைந்ததா?

முதலில் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். நான் யாரையும் குடையால் அடிக்கவில்லை. உன் அத்தை போனில் உனக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். குடை நீட்டப்பட்டது உண்மை. அந்த மனிதர் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து வந்து அதில் இடித்துக்கொண்டதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்து "அடித்தாள்" என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த முப்பது வருஷத்தில் எந்த நாளிலும் நான் அதைச் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை பீடத்துணிகளை மாற்றக் கோயிலுக்குப் போனேன். மணிக்கோபுரத்தின் அடியில், பழைய லாந்தர் மாடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஆள். பக்கத்தில் ஒரு பெண்மணி கைப்பையோடு நின்று காவல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது? என்ன தேடுறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு டப்பா."

"உங்க டப்பாவா?"

"இல்லம்மா."

"அப்ப யார் டப்பா?"

"அது தெரியாதும்மா. விளையாட்டே அதுதான்."

அந்தப் பெண்மணி, "நான் அப்பவே சொன்னேன், யார்கிட்டயாவது கேட்டுட்டு உள்ள போங்கன்னு. கேட்டாத்தானே! இந்த மனுஷன் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான், பக்கத்து வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்தார்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் பல் வைத்தியராம். இந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயராம். யாரோ ஒருவர் ஓர் இடத்தில் டப்பாவை ஒளித்துவைத்து, அது பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதை இணையத்தில் போட்டுவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும். ஐம்பது வயது மனிதர் இதற்காக நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறார். நம் கோயிலில் ஒளித்துவைத்த ஆள் தன் பேரை "மணிக்கயிறு" என்று போட்டிருக்கிறானாம். ஊர், விலாசம் எதுவும் இல்லை.

நூற்றெழுபது வருஷத்துக் கட்டடம். யாரைக் கேட்டு வைத்தான்? சபைக் குழுவுக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் ஆறாம் தேதிக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அதுவரை பெட்டியை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

நீ வரைபட அலுவலகத்தில் இருக்கிறாய். இதைப் பற்றி உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். விசாரித்து எழுது. கோயில் மதிலுக்கு வெள்ளை அடித்தாயிற்று. நீ பார்த்து நாலு வருஷம் ஆகிறது.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அம்மா


ஜனவரி 30

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். தோள் பரவாயில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் வரும் வலி, அது என் சம்பளத்தோடு சேர்ந்தது. உங்கள் முழங்காலுக்கு வைத்தியரிடம் போனீர்களா?

அத்தை போன் செய்தார்கள். நீங்கள் இரண்டு பேரை அடித்ததாகச் சொன்னார்கள். ஒருவர்தான், அதுவும் அவராகவே வந்து இடித்துக்கொண்டார் என்று படித்ததில் நிம்மதி.

அந்த விளையாட்டு எனக்குக் கொஞ்சம் தெரியும். அலுவலகத்தில் சிலர் விளையாடுவார்கள். கெடுதல் இல்லாதது அம்மா. ஆணி அடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் வைத்திருப்பார்கள். போன வருஷம் இருந்த குருவானவர் ஜூலையில் மாற்றலாகிப் போனார் இல்லையா, அவரிடம் கேட்டிருக்கலாம்.

எடுத்துப் போடச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை நீங்களே பெட்டியைப் பாருங்கள். நீங்கள் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல.

அலுவலகத்தில் வேலை நெருக்கடி. இப்போதைக்கு வர முடியவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

நலம். வைத்தியரிடம் போனேன். "வயசாச்சும்மா" என்றார். அதைச் சொல்ல அவர் ஏழு வருஷம் படித்திருக்கிறார். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம்.

நான் உன்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வரவில்லை, நானும் அழைக்கவில்லை. வெள்ளை அடித்ததைச் செய்தியாகத்தான் எழுதினேன்.

நீ சொன்னபடி பெட்டியைப் பார்த்தேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: வேலை முதல் தரம். லாந்தர் மாடம் உனக்கு நினைவிருக்கும், முழங்கை ஆழம். அதன் பின்சுவர் அளவுக்கு ஒரு பலகைக்கல்லை வெட்டி, அதே சாம்பல் நிறத்தில், ஒரு பக்கத்து ஓரம் மட்டும் சற்றே சாய்வாக இழைத்து நிறுத்தியிருக்கிறான். ஓர் ஆணி இல்லை, ஒரு சொட்டு சிமென்ட் இல்லை. தன் கனத்தாலேயே நிற்கிறது. அதன் பின்னால் பெட்டி. வாரம் மூன்று நாள் அந்த மாடத்தைத் தாண்டிப் போகிறவள் நான். என் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

பல் வைத்தியர் போன வாரம் மறுபடி வந்தார். இந்த முறை என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே வந்தார், குடைக்கும் ஒரு வணக்கம் வைத்தார். இணையத்தில் நம் கோயிலைப் பற்றி மணிக்கயிறு எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார். "வாசிக்க வேண்டாம், எழுதிக் கொடுங்க" என்றேன். பாவம், தன் மருந்துச்சீட்டுத் தாளிலேயே மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார்.

படித்துவிட்டு அசந்துபோனேன். கோயிலுக்கு அடிக்கல் போட்ட வருஷம் எது, கட்டி முடித்த வருஷம் எது என்று சரியாகப் பிரித்து எழுதியிருக்கிறான். "கோயில் வாசலில் கொடுக்கும் துண்டுத்தாளில் இரண்டும் குழம்பியிருக்கிறது, வடக்குச் சுவர்க் கல்வெட்டே சரி" என்று ஒரு வரி வேறு. இதற்காக நான் சபைக் குழுவுக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஏழுக்கும் பதில் இல்லை. எங்கோ இருக்கும் ஓர் ஆள் சுவரைப் போய்ப் பார்த்திருக்கிறான்! அவனைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள்.

ஆனால் ஒரே ஒரு குறை. பெட்டிக்கு நாலு எண் பூட்டு. குறிப்பு இது: "முதல் இரண்டு எண், கோபுரத்தின் படிகள், தினமும் ஏறியவர் எண்ணியபடி. அடுத்த இரண்டு, ஞானஸ்நானத் தொட்டியின் பக்கங்கள்." தொட்டிக்கு எட்டுப் பக்கம். கோபுரத்துக்கு நாற்பத்தொரு படி. நாலு, ஒன்று, பூஜ்யம், எட்டு. பூட்டு அசையவில்லை. ஏழு மாதமாக எட்டுப் பேர் வந்து, ஏறி எண்ணி, அதே எண்ணைப் போட்டு, திறக்காமல் திரும்பியிருக்கிறார்கள். "வைத்தவருக்கு எண்ணத் தெரியவில்லை" என்று இணையத்தில் எழுதிவிட்டும் போயிருக்கிறார்கள். இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவன் எண்ணிக்கையில் கோட்டை விட்டானே என்று எனக்கே மனசு வலித்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா


பிப்ரவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதத்துக்கு மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பலகைக்கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை இவருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அம்மா ஒருத்தரை இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதே இல்லையே" என்றார். நானும் கேட்டதில்லை.

இவ்வளவு பார்த்துச் செய்தவர் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. நீங்கள் இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கலாமே. அவசரமில்லை. முழங்கால் ஒத்துழைத்தால் மட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் மகள்


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

நலம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் அன்பு.

என்னை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்கிறாய்! எழுபத்தாறு வயதில் என் எண்ணிக்கையை முதன்முதலில் சந்தேகப்பட்டது நான் பெற்ற பிள்ளை. சரி, சந்தேகம் என்று வந்துவிட்டால் தீர்த்துவிட வேண்டும். இன்று காலை ஏறினேன்.

விளக்குப் போட்டுப் பெருக்கி, இப்போது மணியும் அடிக்கும் நம் கோயில்குட்டி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "அம்மா, விழுந்து வெச்சீங்கன்னா என் வேலை போயிரும்" என்றார். "விழுந்தா என் காலும் போகும், அதைச் சொல்ல மாட்டீங்க" என்றேன். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். சுவரில் அப்பா கை வைத்து வைத்து வழுவழுப்பான இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. வளைவுக்கு வளைவு, அவர் உயரத்துக்கு.

எண்ணினேன். நாற்பத்தொன்று. சந்தேகமே இல்லை.

இறங்கும்போதும் எண்ணினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இந்த மூன்று மட்டும் மரம். காலடியில் முனகுகிறது. நீ பிறந்த வருஷம் அங்கே கல் வெடித்துத் தற்காலிகமாகப் பலகை போட்டார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அப்பா மருந்துக்கடையைத் திறக்கும் முன் தினமும் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மணி அடிக்க ஏறுவார். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாராம். நீயும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாயாம். வீட்டுக்கு வந்து என்னிடம் வம்புக்கு நிற்பார்.

"கல்லுதான் படி. மரம்னா அது பலகை. பலகையை எல்லாம் நான் எண்ண மாட்டேன்."

"கால் வெச்சு ஏறுறீங்களா இல்லையா? ஏறினா அது படி. நாப்பத்தொண்ணு."

"முப்பத்தெட்டு" என்பார். நீயும் அவர் காதைப் பிடித்துக்கொண்டு "முப்பத்தெட்டு" என்று

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். இத்துடன் நிறுத்துகிறேன்.

அம்மா


மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமா? பதினேழு நாளாகக் கடிதம் இல்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. அத்தையிடம் கேட்டேன். "உங்கம்மாவுக்கு என்ன, தினமும் கோயிலுக்குப் போறா, வர்றா. யார்கிட்டயும் பேசல. குடை மட்டும் கையில இருக்கு, ஜாக்கிரதை" என்றார்கள். ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கிவிட்டதா? மறைக்காமல் எழுதுங்கள்.

போன கடிதம் பாதி வாக்கியத்தில் நின்றது. உங்களிடமிருந்து முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு வாக்கியம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 26

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கால் வீங்கி, வடிந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திறக்காதவர்களுக்குச் சொல்லக் கூடாதாம், பல் வைத்தியர் சொன்னார். விளையாட்டின் மரியாதையை நான் கெடுக்கப் போவதில்லை. எண்ணை யாருக்கும் சொல்லவும் இல்லை.

வைத்தவரைப் பற்றிப் போன மாதம் ஒரு குறை எழுதினேன். அதை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். எட்டுப் பேர் திட்டியும் அந்தப் பிள்ளை எண்ணை மாற்றவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. தான் எண்ணியது சரி என்று தெரிந்து, யாராவது ஒருவராவது சரியாக எண்ணுவார் என்று வாய் திறக்காமல் காத்திருக்கிறது. அந்தப் பொறுமை என்னிடம் கிடையாது. அது வேறு பக்கத்திலிருந்து வந்த குணம்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு தேதி இருக்கிறது. போன வருஷம் ஜூன் பதினேழு. அப்பாவின் பிறந்த நாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வாரநாளில் கோபுரப் பக்கத்து வாசல் காலை பத்திலிருந்து பதினொன்று வரைதான் திறந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வைத்திருக்க வேண்டும்.

கோயிலிலிருந்து நம் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. செவ்வாய்க்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது.

அம்மா


ஏப்ரல் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. நாங்கள் சுகம்.

வைத்தது நான்தான். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது பால் பொங்கிய கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எனக்குத் தெரியும் என்று எழுதத்தான் தைரியம் வரவில்லை.

மாடத்தை அளந்த அளவு என் பள்ளிக்கூட நோட்டில் இருந்தது. அப்பா மணி அடிக்கும்போது நான் கீழே நின்று அளந்தது. பலகைக்கல்லை இங்கேயே வெட்டி இழைத்துக் கொண்டுவந்தேன். குருவானவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினேன். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவரும் சொல்லாமலே மாற்றலாகிப் போய்விட்டார்.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்தேன் அம்மா. வெளிக் கதவு வரைக்கும். ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். வாயில் இரண்டு குண்டூசி. துணியின் ஓரத்தை விரல்நுனியால் தடவித் தடவி, அது நேராக வந்த பிறகுதான் அடுத்த மடிப்புக்குப் போனீர்கள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பலகைக்கல்லின் ஓரத்தை இழைக்கும்போது நானும் அப்படித்தான் விரலால் தடவினேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போது அப்பாவின் அடக்கத்தன்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. அத்தனை பேர் முன்னால், நான் பயணப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது. "ஊரையெல்லாம் அளக்கத் தெரியுது, அப்பன் வீட்டுக்கு எவ்வளவு தூரம்னு அளக்கத் தெரியல." கையை எடுத்துவிட்டேன். அடுத்த ரயிலுக்குப் போய்விட்டேன்.

அந்தக் குறிப்பை எழுதும்போது, என்றாவது நீங்கள் பூட்டைத் திறப்பீர்கள் என்றுதான் எழுதினேன். உலகத்தில் அந்த எண் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இல்லை. ஆனால் நீங்கள் முகம் தெரியாத ஒருவனைப் புகழ்ந்து எழுத எழுத, நான்தான் அவன் என்று சொன்னால் அந்தப் புகழ்ச்சி நின்றுவிடுமோ என்று பயந்தேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயதிலும் அப்படித்தான் இருந்தது.

ஆறாம் தேதிக் கூட்டத்தில் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். எடுக்கச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. எடுத்தால், நோட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 8

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. உடனே பதில் எழுதவில்லை. முதலில் கூட்டம் முடியட்டும், முடிவு தெரிந்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன்.

கூட்டம் குருவானவர் உடை மாற்றும் அறையில் நடந்தது. பதினோரு பேர். அப்பாவின் அடக்கத்தன்று நம் வாசலில் நின்றவர்களில் எட்டுப் பேர் அந்தப் பதினொன்றில் இருந்தார்கள். எண்ணிக்கொண்டேன்.

செயலாளர் என் புகாரை வாசித்தார். வாசித்துவிட்டு, "எடுத்துரலாம், அதுல பேச என்ன இருக்கு" என்று பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்து, "புகாரை வாபஸ் வாங்குறேன்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னக்கா இது? குடையை வெச்சு விரட்டினதும் நீங்கதான், இப்ப வக்கீலும் நீங்கதானா?"

"குடை நீட்டினேன். விரட்டல. குறிப்புல அப்படியே எழுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு அனுமதிக் கடிதத்தின் நகலை மேஜையில் வைத்தேன். அவர் உரக்க வாசித்தார். அனுமதி கேட்டவர் பேர் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது... நம்ம பாப்பாவா? உங்க பொண்ணா?"

"என் பொண்ணுதான்."

"எப்பக்கா வந்தா? சொல்லவே இல்லையே!"

"போன ஜூன்ல. அவங்க அப்பா பிறந்த நாளைக்கு. வீட்டு வாசல் வரைக்கும் வந்தா. உள்ள கூப்பிடற மாதிரி நான் நடந்துக்கல, திரும்பிப் போயிட்டா."

கோயில்குட்டி கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினார். நான் தொடர்ந்தேன். அந்த எட்டுப் பேருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். அடக்கத்துக்கு நாலு மணி என்று அச்சடித்து ஒட்டியாயிற்று, ஒரு நிமிஷமும் தள்ளிப் போடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது நான். இரண்டு மணி நேரம் பொறுக்கலாம் என்று குருவானவர் சொன்னார், உன் அத்தை அழுது கேட்டாள். நான் கேட்கவில்லை. ஆறு மணிக்கு வந்தவளைப் பார்த்து அந்தப் பேச்சும் பேசினேன். வழியில் தண்டவாளம் பழுதாகி உன் ரயிலை ஐந்து மணி நேரம் நிறுத்திவைத்தது மறுநாள் பேப்பரில் வந்திருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டேன். இவ்வளவையும் சொன்னேன். எத்தனை பேர் முன்னால் சொன்ன பிழையோ அத்தனை பேர் முன்னால் திருத்த வேண்டும். அன்று நின்று, இந்தக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு உன் அத்தை சொல்லிவிடுவாள்.

உனக்கு மட்டும் எழுத வேண்டிய திருத்தம் இது. அச்சேறிய பிழையை அழிக்க முடியாது, அடுத்த பக்கத்தில் திருத்தம் போடத்தான் முடியும். தூரம் அளக்கத் தெரியாதவள் நீ அல்ல. நான். நாலு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஏகமனதான தீர்மானம். கூடவே, வாசலில் கொடுக்கும் துண்டுத்தாளை உன் இணையப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தி அச்சடிக்கவும் முடிவாயிற்று. என் ஏழு கடிதத்தால் நடக்காதது உன் ஒரு வரியால் நடந்தது. செயலாளர், "நீங்க கடிதம் எழுதினதுக்குப் பதிலா டப்பா வெச்சிருக்கலாம்க்கா" என்றார். சிரிக்கவில்லை நான், ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் சிரித்தேன்.

நோட்டுக்குள்ளே என்ன என்று நான் சொல்லக் கூடாது என்றாலும், வைத்தவளிடம் சொல்லலாம். முதல் பக்கத்தில் "இந்தப் படிகளைச் சரியாக எண்ணியவருக்கு" என்று உன் கையெழுத்து. அதை நான் எத்தனை நாள் போய்ப் பார்த்தேன் என்பதை உன் அத்தை எண்ணி வைத்திருப்பாள். அடுத்த பக்கத்தில் பேர் எழுத வேண்டுமாம். மூன்று வாரமாக எழுதாமல் வைத்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் போய்த் திறந்து தேதி போட்டு, "முப்பத்தெட்டு. எண்ணிக்கை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்திரண்டு வருஷ வழக்கு அது. உன் அப்பா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

உன் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் நான் ஒருநாளும் கையெழுத்துக்கு மேல் ஒரு வார்த்தை எழுதியதில்லை. நான் படித்த கான்வென்டில் எங்களுக்கும் யாரும் எழுதியதில்லை, அதனால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கடிதம் உன்னிடம் இருக்கும். அதில் "அவன்" என்று வரும் இடமெல்லாம் "நீ" என்று திருத்தி மறுபடி வாசித்துக்கொள். அவனைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று ஒரு வரி வரும். அதைத் திருத்த வேண்டாம். அது சரியாகவே இருக்கிறது.

உன் அறையைத் திறந்து காற்றாட விட்டிருக்கிறேன். ஜன்னல் கொக்கி மட்டும் இறுகிப்போயிருக்கிறது, மாப்பிள்ளை வந்தால் பார்ப்பார். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ரயில் எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டாம். அது வரும்போது வரட்டும், நான் காத்திருப்பேன். எந்தத் தேதியில் வருகிறாய் என்பதை மட்டும், போனில் அல்ல, கடிதத்தில் எழுதி அனுப்பு.

அம்மா